உடுமலை நாராயணகவி: நாடக மேடை தந்த பாடலாசிரியர்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைத் தமிழ்)

எங்கள் தாத்தாவுக்குச் சங்கீதம் தெரியாது. எழுதப் படிக்கவும் தெரியாது. ஆனால் நாள் தவறாமல் பாடுவார். ஆவடியில் எங்கள் வீட்டு வாசற்படியில் சிறு கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு முகம் மழிக்கும் காலை வேளைதான் அவருடைய கச்சேரி நேரம். பாடுவதும் பெரும்பாலும் ஒன்றே: ‘நல்லதம்பி’ படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம். பாகவதர் குரல், பின்பாட்டுக்காரர் குரல், இடையிடையே வாயாலேயே மிருதங்கம் ஆகிய மூன்றையும் அவர் ஒருவரே செய்துவிடுவார்.

சென்ற ஆண்டு ஒரு நாள், “தாத்தா, இந்தப் பாட்டை எழுதினது யாரு?” என்று கேட்டேன்.

“இது என்ன கேள்வி பாப்பா? கலைவாணர் பாட்டு. அவரே கட்டி அவரே பாடினது” என்றார்.

எனக்கும் அதுவரையில் அப்படித்தான் எண்ணம். அதே வாரத்தில் ரயிலில் வரும்போது வகுப்புத் தோழி ஒருத்தி, “சினிமாப் பாட்டு என்பது மெட்டுக்குச் சொல் நிரப்புவது. அதை இலக்கியம் என்று ஆராய்வது வீண் வேலை” என்று வாதாடினாள். திருமுல்லைவாயிலில் தொடங்கிய வாதம் கொரட்டூர் வருவதற்குள் முடிந்துவிட்டது, தோற்றது நான்தான். கண்ணதாசன், பட்டுக்கோட்டையார் என்னும் இரண்டு பெயர்களுக்கு மேல் எடுத்துக்காட்ட எனக்கு ஆளில்லை. எங்கள் தமிழ்த்துறைப் பேராசிரியரிடம் இதைச் சொல்லி வருந்தியபோது, “முதலில் உன் தாத்தா பாடும் கிந்தனாரை எழுதியவர் யார் என்று தெரிந்துகொண்டு வா, பிறகு வாதாடலாம்” என்றார். அத்தேடலில் விளைந்ததே இக்கட்டுரை.

கிந்தனாரை எழுதியவர் உடுமலை நாராயணகவி.

கோவை மாவட்டமாயிருந்து இன்று திருப்பூர் மாவட்டத்தில் சேர்ந்திருக்கும் உடுமலைப்பேட்டைக்கு அருகில், பூளவாடி என்னும் சிற்றூரில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் பிறந்தவர். இயற்பெயர் நாராயணசாமி. இளமையிலேயே பெற்றோரை இழந்தார். ஏட்டுக் கல்வி ஆரம்பப் பள்ளியோடு நின்றது. வயிற்றுப்பாட்டுக்காகச் சிறு சிறு வேலைகள் செய்த அந்தச் சிறுவனை ஆட்கொண்டவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். நாடகமும் பாட்டும் கற்பித்த ஆசிரியர் அவர். அவரோடு ஊர் ஊராகச் சென்று, நடித்து, பாடி, பின்னர் தாமே எழுதத் தொடங்கினார் நாராயணசாமி. மதுரைப் பக்கம் சென்று தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளிடம் யாப்பு பயின்றார் என்றும் கூறுவர். காந்தியடிகளின் இயக்கம் நாடெங்கும் பரவியிருந்த காலத்தில் தேசியப் பாடல்கள் இயற்றினார். பின்னர்த் தந்தை பெரியாரின் சுயமரியாதைக் கருத்துகள் அவரை ஈர்த்தன. ‘பகுத்தறிவுக் கவிராயர்’ என்று மக்கள் அழைத்தது அதனால்தான்.

வாழ்க்கை வரலாற்றை இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன். பிறந்த ஆண்டும் பெற்ற பட்டமும் எந்த மலரிலும் கிடைக்கும். எனக்கு விளங்க வேண்டியிருந்தது வேறொன்று. ஆரம்பப் பள்ளியோடு படிப்பை விட்ட ஒருவர், எழுத்தறியாத என் தாத்தாவின் நாவில் எழுபது ஆண்டுகள் தங்கும்படி எப்படி எழுதினார்? அதற்கு விடை தேட, அவர் பயின்ற நாடக மேடையை நாம் சற்று உற்று நோக்க வேண்டும்.

மேடை என்னும் பள்ளி

இன்று நாடகம் என்றால் பேச்சு. அன்று நாடகம் என்றால் பாட்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867-1922) ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ போன்ற நாடகங்களில் பாத்திரம் மேடைக்கு வருவதே பாட்டோடுதான். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று வகுத்துக்கொண்டு, இன்ன ஊரிலிருந்து இன்னார் ராஜபார்ட், வேறோர் ஊரிலிருந்து இன்னார் ஸ்திரீபார்ட் என்று தனித்தனியே அழைத்து ஒரே இரவுக்குக் கூட்டி நடத்தும் ‘ஸ்பெஷல் நாடகம்’ ஒருபுறம். சிறுவர்களைச் சேர்த்துச் சோறு போட்டுப் பாடம் சொல்லி ஊர் ஊராகக் கொண்டு செல்லும் ‘பாய்ஸ் கம்பெனி’ மற்றொருபுறம். இரண்டிலும் பாட்டெழுதிப் பயிற்றுபவருக்கு ‘வாத்தியார்’ என்று பெயர்.

அந்த வாத்தியாரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒலிபெருக்கி இல்லை. பந்தலின் கடைசி வரிசையில் மண்ணில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் விளங்க வேண்டும். அவன் கையில் பாட்டுப் புத்தகம் இல்லை. இருந்தாலும் படிக்கத் தெரியாது. ஒரு சொல் புரியவில்லையென்றால் திரும்பப் புரட்டிப் பார்க்க அவனால் முடியாது. நூலாசிரியனுக்குள்ள சலுகை எதுவும் மேடைப் பாவலனுக்கு இல்லை. காதில் விழுந்த மாத்திரத்தில் பொருள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கொட்டாவியோ சீழ்க்கையோ அப்பொழுதே பதிலாக வந்துவிடும்.

இதற்கு மேடை கண்டுபிடித்திருந்த வழிகள் பல. அவற்றை நான் ஏட்டில் படித்து அறிந்ததைவிடப் பூவிருந்தவல்லிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் திரௌபதியம்மன் திருவிழாக் கூத்தில் கண்டறிந்ததே மிகுதி. கூத்தும் ஸ்பெஷல் நாடகமும் வேறு வேறு மரபுகள்தாம். என்றாலும் இரண்டுக்கும் பொதுவான தந்திரங்கள் உண்டு. வேடதாரி ஓரடி பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அதையே வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். இதனைக் கூறியது கூறல் என்னும் குற்றமாகவே நான் முன்பு நினைத்திருந்தேன். அன்றிரவு பந்தலின் ஓரத்தில் நின்றபோதுதான் உண்மை தெரிந்தது. முதல்முறை பாடியதில் எனக்குப் பாதிதான் கேட்டது. மறுமுறை பாடியபோது மீதியும் கேட்டது. அந்தத் திருப்பம் இல்லையென்றால் கதையே எனக்குப் புரிந்திராது.

அடுத்தது தொகையறா. தாளக்கட்டு இன்றி, பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே நீட்டிப் பாடும் சில அடிகள். நடிகர் பேச்சிலிருந்து பாட்டுக்குத் திடீரென்று தாவாமல் இருக்க மேடை கட்டிய பாலம் அது. ஆர்மோனியக்காரர் சுருதி பிடிக்கவும் அவகாசம் கிடைக்கும். பழைய திரைப்பாடல்களைக் கேட்டால், பல்லவி தொடங்குமுன் இத்தகைய அடிகள் வருவதைக் காணலாம். இன்றும் பாடல் பதிவுக் கூடங்களில் ‘தொகையறா’ என்னும் அந்தச் சொல்லே வழங்குகிறது. மூன்றாவது, தர்க்கம். வள்ளியும் நாரதரும் மேடையில் ஒருவரையொருவர் பாட்டாலேயே மடக்கிக்கொள்வார்கள். ஒருவர் விட்ட சொல்லை மற்றவர் எடுத்து வேறு பொருளில் திருப்பியடிக்க வேண்டும். திரைப்படத்தில் காதலனும் காதலியும் வினாவும் விடையுமாகப் பாடும் பாடல்களுக்குத் தாய்வீடு இதுவே என்பது என் கருத்து.

இனி என் தோழி எறிந்த அம்புக்கு வருவோம். ‘மெட்டுக்குச் சொல் நிரப்புவது’ சினிமா கொண்டுவந்த இழிவா? இல்லவே இல்லை. மேடை வாத்தியார்கள் மெட்டைப் பல இடங்களிலிருந்து எடுத்தார்கள். கீர்த்தனை மெட்டு, காவடிச் சிந்து மெட்டு, தெம்மாங்கு, வடக்கிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகளின் இந்துஸ்தானி மெட்டு எல்லாம் மேடைக்கு வந்தன. மக்களுக்குப் பழகிய மெட்டில் புதிய செய்தியை ஏற்றினால் பாட்டு உடனே ஊரில் பரவும். அந்நியத் துணிக்கு எதிரான பாட்டும் கள்ளுக்கு எதிரான பாட்டும் அப்படித்தான் தமிழ்நாட்டில் பரவின. நாடகங்களுக்கும் கிராமபோன் தட்டுகளுக்கும் எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ், 1931ல் வெளிவந்த ‘காளிதாஸ்’ என்னும் முதல் தமிழ்ப் பேசும் படத்திற்கும் பாடல்கள் எழுதினார். அப்படத்தில் நடித்த டி.பி. ராஜலட்சுமியும் நாடக மேடையிலிருந்து வந்தவரே. தமிழ்ப்படம் வாய் திறந்து பாடிய முதல் பாட்டே நாடகக்காரர்களின் பாட்டுதான்!

திரையின் வாயிலில்

நாராயணகவி திரைக்கு வந்தது 1930களில். கிராமபோன் தட்டுகளுக்கு எழுதிய அனுபவமும் அவருக்கு இருந்தது. மூன்று நிமிடத்திற்குள் ஒரு பாட்டு முடிந்தாக வேண்டும் என்னும் கட்டாயத்தை மேடைக்காரர்களுக்குக் கற்பித்தது அந்தத் தட்டுதான். மேடையில் ரசிகர்கள் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் பத்து நிமிடமும் பாடலாம், தட்டில் முடியாது.

தொடக்ககாலப் படங்கள் ஏறக்குறைய மேடை நாடகத்தைப் படம் பிடித்தவையே. 1934ல் வந்த ‘பவளக்கொடி’யில் ஏறத்தாழ 50 பாடல்கள். நடிப்பவரே பாட வேண்டும். காமிரா ஓடும்போதே பாட வேண்டும். பின்னணி பாடும் முறை 1938ஆம் ஆண்டின் ‘நந்தகுமார்’ போன்ற படங்களோடு வந்தது. இரண்டாம் உலகப் போரில் கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக்கூடாது என்று அரசு வரையறுத்தபோது பாடல்களின் தொகை மேலும் சுருங்கியது. எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொரு பாட்டின் மீதும் சுமை ஏறியது. ஐம்பதில் ஒன்று சோடை போனால் எவரும் கவனியார். பத்தில் ஒன்று சோடை போனால் படமே தளர்ந்துவிடும். இந்த நெருக்கடியில் சுருங்கச் சொல்லி விளங்க வைக்கத் தெரிந்தவர்களுக்கே வேலை இருந்தது. நாராயணகவிக்கு வேலை குறையவே இல்லை.

பேரறிஞர் அண்ணாவின் கதை வசனத்தில் 1949ல் வந்த ‘வேலைக்காரி’க்கு அவர் பாடல் எழுதினார். 1953ஆம் ஆண்டின் ‘தேவதாஸ்’ படமும் அவருடையதே. அப்படம் தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்டது. சி.ஆர். சுப்பராமனின் அதே மெட்டுகளைக் கண்டசாலா இரு மொழியிலும் பாடினார். மெட்டு முன்பே முடிந்துவிட்டது, காட்சி ஒன்றே, பாடுபவரின் தாய்மொழி தெலுங்கு. இத்தனை கட்டுக்குள் நின்றுகொண்டு தமிழில் ஒரு குடிகாரக் காதலனின் துயரத்தைப் பாட வேண்டும். அப்பாடல்களை மொழிபெயர்ப்பு என்று இன்றுவரை எவரும் சொன்னதில்லை. தெலுங்குப் படத்தையே பார்த்திராத என் பாட்டி அவற்றைக் கேட்டுக் கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

நந்தனும் கிந்தனும்

நாராயணகவியின் திறம் முழுமையாக வெளிப்பட்டது கலைவாணரோடு சேர்ந்தபோதுதான் என்பேன். கலைவாணரும் சிறுவயதில் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்று, பிரிவி கவுன்சில் வரை வழக்கு நடந்து, 1947ல் விடுதலையாகி வந்தார். அதன்பின் 1949ல் வெளிவந்த படம் ‘நல்லதம்பி’. கதை வசனம் அண்ணா, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. அதில்தான் ‘கிந்தனார்’ வருகிறது.

கிந்தனாரின் சுவை தெரிய வேண்டுமானால் நந்தனார் தெரிந்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ காலட்சேப மேடையிலும் நாடக மேடையிலும் தமிழ்நாட்டையே ஆண்டது. 1935ல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக வேடமிட்டு நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அக்காலத்தில் பெரும் பேச்சு. 1942ல் ஜெமினியார் எடுத்த படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்தார். எனவே ‘நல்லதம்பி’ பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் நந்தன் கதை தலைகீழ்ப் பாடம். தில்லைக்குப் போகத் துடிக்கும் பண்ணையாள். நாற்பது வேலி நிலத்தைப் பயிரிட்டு முடித்துவிட்டுப் போ என்னும் ஆண்டை. ஓர் இரவில் இறைவன் அருளால் முடிந்த வேலை. இறுதியில் தீயில் மூழ்கி எழுந்து தில்லையை அடைதல்.

நாராயணகவி அந்தக் காலட்சேப வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். கையில் சப்ளாக்கட்டை, பக்கத்தில் மிருதங்கம், பின்னால் பின்பாட்டு, பாகவதருக்குரிய பீடிகை எல்லாம் உண்டு. ஆள் மட்டும் மாறினான். நந்தன் கிந்தன் ஆனான். அவன் ஏங்குவது தில்லைக்கு அன்று, பள்ளிக்கூடத்துக்கு. தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த அந்தப் பையனுக்குக் கிராமத்தில் படிப்பு எட்டவில்லை. அவன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். இந்தக் கதையில் நெருப்பு இல்லை. பூதகணங்கள் வந்து நிலத்தை உழவில்லை. அவனைக் கரையேற்றியது ரயிலும் புத்தகமும். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர் எந்த வகுப்பு என்று கேட்பார். எந்தச் சாதி என்று கேட்பதில்லை.

இதை நேராக ஒரு சொற்பொழிவாகச் சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கக்கூடியவர்கள் அன்று அரங்கில் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். பழகிய பக்திக் கதையின் நடை காதில் ஒலிக்க, அதற்குள்ளேயே புதுக்கதை நடப்பதால் ஒவ்வோரிடத்திலும் கேட்பவர் மனம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறது. நந்தனைப் பழித்து ஒரு சொல்லும் இல்லை. ஒப்பிடும் வேலை முழுவதும் கேட்பவரிடமே விடப்பட்டிருக்கிறது.

இன்னொரு நுட்பம். கலைவாணரின் குரல் பெரிய சங்கீதக் குரல் அன்று. பேச்சும் பாட்டும் கலந்த குரல். அதையறிந்து நாராயணகவி அடிகளைச் சிறிது சிறிதாக நறுக்கித் தருகிறார். ஒரு நகைச்சுவை விழுந்ததும் ஓர் இடைவெளி. அந்த இடத்தில் பின்பாட்டுக்காரர் ஏதோ கேட்பார் அல்லது தவறாகப் புரிந்துகொள்வார். இது வெறும் கோமாளித்தனம் என்றே முதலில் எண்ணினேன். திரும்பத் திரும்பக் கேட்டபின் விளங்கியது: அரங்கில் சிரிப்பொலி அடங்கும்வரை முக்கியமான சொல் எதுவும் வருவதில்லை. சிரிப்பு அடங்கியபின்தான் கதை நகர்கிறது. பந்தல் நிறைந்த கூட்டத்தின் முன் பல ஆண்டுகள் நின்ற ஒருவருக்கே இந்தக் கணக்குத் தெரியும். மேசையருகே அமர்ந்து எழுதிப் பழகியவருக்கு இது வராது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். 1955ஆம் ஆண்டு ஜனவரியில் எங்கள் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, ‘சோஷலிச பாணி சமுதாயம்’ அமைப்பதே குறிக்கோள் என்று தீர்மானித்தது. ஆவடிக்காரர்கள் இன்றும் அதைச் சொல்லிப் பெருமைப்படுவோம். அந்தத் தீர்மானத்தை என் தாத்தா அறியார். ஆனால் அதே காலத்தில் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் மணலில் உட்கார்ந்து அவர் கிந்தனாரைக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு வந்து, தன்னையும் பள்ளிக்கு அனுப்பும்படி அடம் பிடித்தாராம்; அனுப்பவில்லை. காமராசர் ஆட்சியில் 1956ல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் வந்தபோது அவருக்கு வயது 13, மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். 1960களின் நடுவில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தபோது ரயிலேறி வந்து ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். “கிந்தன் ரயிலேறிப் படிக்கப் போனான், நான் ரயிலேறி வேலைக்கு வந்தேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பதால் அது வேடிக்கையாகிவிடுமா என்ன? அவர் கிந்தனாரைப் பாடும்போது நான் கேட்டது பாட்டை மட்டுந்தான் என்பது இக்கட்டுரைக்காக அவரிடம் இதையெல்லாம் கேட்டபிறகே எனக்கு உறைத்தது.

குறையும் உண்டு

ஆய்வுக் கட்டுரை என்றால் புகழ்மாலை ஆகிவிடக்கூடாது. மேடைப் பாவலன் கதைக்கு எது வேண்டுமோ அதைத் தருபவன். அதுவே அவன் வலிமை, குறையும் அதுவே. 1954ல் வந்த ‘தூக்குத் தூக்கி’ பழைய நாடகக் கதை. மனைவியைச் சந்தேகிக்கும் ஒரு முதுமொழியை முடிச்சாக வைத்து ஓடுவது. மருதகாசி, தஞ்சை ராமையாதாஸ் ஆகியோரோடு நாராயணகவியும் அதில் பாடல் எழுதினார். ஜி. ராமநாதனின் இசை, பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. ஆனால் பெண்களைப் பற்றி அப்படம் சொல்லும் செய்தியை இன்று ஒரு மாணவி வாய்விட்டுப் பாட முடியாது. கிந்தனுக்கு ரயிலைக் கொண்டுவந்த காலத்துத் திரைப்பாட்டு, கிந்தனின் தங்கைக்கு ஒரு பள்ளிக்கூடத்தைக் காட்டத் தவறியது. காலத்தின் குறை என்று சொல்லிச் சிலர் இதைக் கடந்துவிடுவர். அதே காலத்தில் பாவேந்தர் பெண் கல்வியை முழங்கிக்கொண்டிருந்தார் என்பதையும் மறக்கக்கூடாது.

1952ல் வந்த ‘பராசக்தி’யில் அவர் எழுதிய காக்கைப் பாட்டை இதற்கு மறுபக்கமாகச் சொல்லலாம். கிடைத்த இரையை இனத்தைக் கூவி அழைத்து உண்ணும் காக்கையைக் காட்டி, பசித்தவனை விரட்டும் மனிதனை நாணச் செய்யும் பாடல். சிவாஜி கணேசனின் முதற்படத்தில், சி.எஸ். ஜெயராமன் குரலில் வந்தது. காக்கை கரவாது கரைந்துண்ணும் என்பது வள்ளுவர் கண்ட காட்சி. நாம் எல்லாரும் பள்ளியில் பொருளோடு மனப்பாடம் செய்தது. நாராயணகவி அதைப் பொழிப்புரை தேவைப்படாத தெருப்பேச்சில் வைத்துவிட்டார். மேற்கோள் காட்டுகிறோம் என்ற மிடுக்கும் அதில் இல்லை.

ஆனால் ‘பராசக்தி’யில் பாரதியார், பாரதிதாசன், கலைஞர் கருணாநிதி, அண்ணல் தங்கோ, காமாட்சி சுந்தரம் என்று பாடலாசிரியர்கள் பலர். எந்தப் பாட்டு எவருடையது என்பது இன்றும் பலருக்குக் குழப்பமே. இதுதான் அக்காலப் பாடலாசிரியர் நிலை. அரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் பலவற்றில் எழுதியோர் பெயர்களெல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். பாட்டுக்குப் பாட்டு பெயர் இராது. திரையில் ஓடும் பெயரைப் படிக்க என் தாத்தா போன்றவர்களால் இயலாது. அவர்கள் கண்டது பாடிய வாயை. பெயரும் அந்த வாய்க்கே போயிற்று. இன்று கைபேசியில் பழைய பாட்டைத் தேடினாலும் படம், பாடகர், இசையமைப்பாளர் மூவரும் முன்னால் நிற்கிறார்கள். எழுதியவரைப் பல நேரங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. நாடக மேடையிலும் இதே கதைதான். ராஜபார்ட்டின் பெயர் சுவரொட்டியில் பெரிதாக இருக்கும். வாத்தியார் பந்தலுக்குப் பின்னால் இருப்பார்.

கலைவாணர் 1957ல் மறைந்தார். அவருக்குப் பின் மருதகாசி, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கண்ணதாசன் என்று புதிய தலைமுறை எழுந்துவிட்டது. (இவர்களில் மருதகாசியும் பட்டுக்கோட்டையாரும் நாடகத்திற்கு எழுதிய பின்னரே திரைக்கு வந்தவர்கள்.) 1960களில் நாராயணகவியின் பாடல்கள் குறைந்தன. 1981ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அவர் காலமானார். உடுமலைப்பேட்டையில் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது. 2008ல் அஞ்சல் தலையும் வெளிவந்தது.

ரயிலில் என் தோழியோடு இவற்றையெல்லாம் சொல்லி மறுபடியும் வாதாடினேன். அவள் முழுவதும் ஒப்பவில்லை. “கிந்தனார் சரி, மற்றவை?” என்கிறாள். ஒன்றையாவது ஒப்புக்கொண்டாளே என்று விட்டுவிட்டேன்.

கட்டுரையை எழுதி முடித்ததும் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

“நாராயணகவியா? எந்த ஊருக்காரரு?”

“உடுமலைப் பக்கம், பூளவாடி தாத்தா.”

“பெரிய படிப்பாளியா?”

“ஆரம்பப் பள்ளிக்கூடத்தோட சரி.”

சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ரயில் வர்ற எடத்துல ஒரு வார்த்தை எனக்கு ரொம்ப நாளா சந்தேகம் பாப்பா. அவரு எப்படி எழுதியிருக்காருன்னு பார்த்துச் சொல்லு” என்றார்.

படத்தைக் கைபேசியில் நான்கு முறை ஓட்டிக் கேட்டோம். தாத்தா பாடிவந்த சொல் வேறு. அங்கே இருந்த சொல் வேறு. மறுநாள் காலை கண்ணாடி முன் நின்று, திருத்திய சொல்லை வைத்துப் பாடினார். அதற்கடுத்த நாள் பழைய சொல்லே திரும்ப வந்துவிட்டது. நான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன். “தெரியும், தெரியும்” என்று சொல்லிவிட்டு, பல்லவியிலிருந்து மறுபடியும் தொடங்கினார்.